மேல் அடுக்கு

சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனிலிருந்து மகள் பேசினாள்.

“கீழ் கேக்குல நாலஞ்சு ஸ்ட்ராவைக் குத்தி, கேக் மட்டத்துக்கு ஒட்ட வெட்டிடுங்க. மேல வர்ற பாரத்தை அதுதான் தாங்கும்.”

“வெட்டிட்டேம்மா,” என்றார் அப்பா. மீசையில் கிரீம் ஒட்டியிருந்தது. மூன்றடுக்கு கேக் அவருக்கு இதுதான் முதல் தடவை.

“இப்போ ரெண்டாவது கேக்கை அட்டையோட தூக்கி வைங்க. கை நடுங்கத்தான் செய்யும், பயப்படாதீங்க.”

“எப்படிம்மா கண்டுபிடிச்சே?” நடுங்கும் கையைப் பார்த்து அவரே சிரித்துக்கொண்டார்.

“கடைசியா, மேல் அடுக்கு. வச்சிட்டு, தள்ளி நின்னு பாருங்க. நேரா இருக்கா?”

வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். “தூண் மாதிரி நிக்குதும்மா!”

அம்மா சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். “யார் வீட்டு விசேஷத்துக்கு இந்தக் கோபுரம்? யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?”

போனில் மகள் கையசைத்தாள். “அவ்வளவுதான் மக்களே! சந்தேகம் இருந்தா கமென்ட்ல கேளுங்க. அடுத்த வீடியோல பார்க்கலாம்.”

அம்மாவின் குரல் தாழ்ந்தது. “கேக் சுடுறதெல்லாம் ஒரு பொழப்பான்னு கேட்டு விரட்டினது நீங்கதானே? அன்னைக்குப் போனவ இன்னைவரைக்கும் உங்க போனை எடுக்கல. இப்ப வீடியோவோட பேசி என்ன ஆகப்போகுது?”

அவர் கேக்கைத் திரும்பிப் பார்த்தார். கேக் இம்மியும் சாயாமல் நின்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வீடியோவின் கீழே ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்.

“மேல் அடுக்கு சரிஞ்சிடுச்சும்மா. நேர்ல வந்து சொல்லித் தர்றியா?”