ஒன்பதாவது ஆணி

கலைக் கண்காட்சிப் போட்டியில் அவள் ஏழு வெள்ளைப் பலகைகளை நிறுத்தியிருந்தாள். நாடு விட்டு நாடு வந்து அவள் குடியிருந்த ஏழு வாடகை வீடுகளின் சுவர்கள் அவை. காலி செய்யும்போதெல்லாம் ஆணியைப் பிடுங்கி, ஓட்டையைப் பற்பசையால் அடைப்பாள். பலகைகளிலும் அப்படியே அடைத்திருந்தாள். கீழே ஒரு வரி: 'எந்தச் சுவரிலும் நான் இல்லை.'

மூன்றாவது பலகையை ஒரு பெரியவர் மோந்து பார்த்தார்.

"நடுவர் மூக்காலேயே மார்க் போடுறார். போய்ப் பேசு," என்றான் கணவன்.

அவள் தூணுக்குப் பின்னால் பதுங்கினாள். "ஐயோ, அவர் நடுவர் இல்லைங்க! கல்யாணத்துக்கு முன்னாடி நான் இருந்த வீட்டு ஓனர். ஆணியே அடிக்கக் கூடாதுன்னவர்!"

"தூண் உன்னை மறைக்கலை, வாம்மா," என்றார் பெரியவர். "என் வீட்டுச் சுவர்ல எட்டு ஓட்டைதான் காட்டியிருக்கே. ஜன்னல் பக்கத்துல ஒரு ஆணியைப் பிடுங்காமலே போயிட்டியே!"

அவள் தூணை விட்டு வெளியே வந்தாள். "மன்னிச்சிடுங்க சார்..."

"எதுக்கு? என் பேத்தி படம் அதுலதான் தொங்குது. உன் ஆணி இன்னும் அசையலை!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சுத்தியலும் ஆணியும் வாங்கி வந்து, மூன்றாவது பலகையில் ஒன்பதாவது ஆணியை அடித்தாள்.

அதைப் பிடுங்கவில்லை.