முந்திக்கொண்ட ஆமென்

ஆராதனை நடக்கிறது. கடைசி பெஞ்சில் தையல்காரிக்கும் அவள் மருமகளுக்கும் நடுவே ஓராள் இடம் காலியாகக் கிடக்கிறது. மகனுடைய இடம். தலைவர் படத்தின் முன்னால் மண்டியிட மாட்டேன் என்றவனைக் கட்சிக்காரர்கள் இழுத்துக்கொண்டு போனதோடு சரி, ஒரு தகவலும் இல்லை. ஜன்னலின் சிவப்புக் கண்ணாடி வழியாக வந்த வெயில் அந்த வெற்றுப் பலகையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. வாசலில் ஒரு கட்சிக்காரன், தொப்பியைக்கூடக் கழற்றாமல், யார் வாய் அசைகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறான். போதகர் ஜெபிக்கிறார். நோயாளிகளுக்காக, ஆமென். மழைக்காக, ஆமென். "எங்கள் தலைவருக்கு நீண்ட ஆயுளைத் தாரும், ஆண்டவரே." கண்களை மூடியிருக்கும் தையல்காரியின் நாக்கு, சிறுவயதிலிருந்து ஊறிய பழக்கத்தில், சபைக்கே முந்திக்கொண்டு "ஆமென்" என்றுவிடுகிறது. மருமகள் திரும்புகிறாள். "அத்தை, யாருக்கு ஆமென் சொன்னீங்கன்னு தெரியுதா?" குரல் காற்றாகத்தான் வருகிறது. தையல்காரி ஊசி குத்திக் காய்த்துப்போன விரல்களால் வாயை இறுகப் பொத்திக்கொள்கிறாள். போதகர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார். "சிறையில் இருக்கிற எங்கள் பிள்ளைகளைத் திருப்பித் தாரும், ஆண்டவரே." சபையிலிருந்து ஓர் ஆமென்கூட வரவில்லை. மருமகள் அத்தையின் முகத்தையே பார்க்கிறாள். வாயைப் பொத்திய கை இறங்க மாட்டேன் என்கிறது.