வளைகுடாப் பெட்டி

தூத்துக்குடியில் இளவெயினியின் வீட்டுக்கு டென்மார்க்கிலிருந்து வீட்டு வேலைக்கு வந்தவள் அனெட். வந்த அன்றே அவளைக் கேட்காமல் பெயரை அன்னம் என்று மாற்றிவிட்டார்கள்.

இன்று காலை டென்மார்க்கில் அவள் அப்பா இறந்துபோனார். அழுதுகொண்டே பாஸ்போர்ட்டைக் கேட்டாள். "காண்ட்ராக்ட் முடியட்டும், பாப்போம்" என்றுவிட்டாள் இளவெயினி.

மாலையில் பக்கத்து ஃபிளாட் தாட்சாயணி வந்தாள். அனெட்டின் வீங்கிய கண்களைப் பார்த்ததும், "இவ நாட்டுக்காரங்க மட்டும் ஏன்க்கா இப்படிக் கப்பல் கப்பலா வந்து எறங்குதாங்க?" என்றாள். கேள்வி அனெட்டைப் பற்றியதுதான். பதிலை யாரும் அவளிடம் எதிர்பார்க்கவில்லை.

"சொந்த மண்ணு மேல பாசம் கெடையாது. அவங்க ரத்தமே அப்படி" என்றாள் இளவெயினி.

கூடத்தில் கண்ணாடி மேசைமேல் பூட்டிய பழைய தகரப்பெட்டி ஒன்று இருந்தது. "அது யாருதுக்கா?"

"எங்க பூட்டனார் பெட்டில்லா! வளைகுடாவுக்கு வேலைக்குப் போனாரு. அவரு போனது குடும்பத்துக்காக. அங்க இருக்கும்போது அவங்க அப்பா செத்துட்டாரு. மொதலாளி பாஸ்போர்ட்டக் குடுக்கல. கொள்ளி வைக்கக்கூட வர முடியலம்மா." இளவெயினி இதை எப்போது சொன்னாலும் அழுதுவிடுவாள்.

காபித் தட்டோடு நின்ற அனெட் மெதுவாகக் கேட்டாள். "அவருக்கு எப்பம்மா குடுத்தாங்க?"

"காண்ட்ராக்ட் முடிஞ்ச பெறவுதான். கல்நெஞ்சுக்காரப் பாவி!"

கண்ணைத் துடைத்துக்கொண்ட இளவெயினி, பெட்டியின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அனெட்டின் பாஸ்போர்ட் அதற்குள்தான் இருந்தது.