வந்த நாள் கணக்கில் வராது

வாசலில் ஒரு பெண்மணி சக்கரப் பெட்டியோடு நின்றார்.

என் கைக்கடிகாரத்தில் மணி பதினொன்று இருபது. சமையலறைக் கடிகாரம் பதினொன்று பதினெட்டு என்றது. எதற்கும் இரண்டையும் மறுபடி பார்த்தேன்.

“இந்த வீடுதானே? கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டேன் போல.”

“வீட்டுக்கு வர்றவங்களுக்கு நேரங்காலம் உண்டா? வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க” என்றாள் அம்மா, துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாய்த்தபடி.

அது எங்கள் வீடே இல்லை. தீவின் ஓரத்தில் கடலைப் பார்த்தபடி நிற்கும் வாடகை வீடு. பாத்திரமும் அடுப்பும் வீட்டோடு உண்டு. சமையல் நம் பாடு. வீட்டுக்காரர் அக்கரையில் இருந்தார். போகிறவர்கள் பெருக்கித் துடைத்துவிட்டு, சாவியை வாசல் சுவரில் உள்ள பெட்டியில் போட வேண்டும். வருகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

“பெட்டியில சாவி இல்ல, அதான் கதவைத் தட்டினேன்” என்றார் பெண்மணி.



ஃப்ரிட்ஜ் கதவில் நானே ஒட்டிவைத்த முன்பதிவுத் தாளைப் போய்ப் பார்த்தேன். வியாழன் முதல் மூன்று இரவுகள். ஞாயிறு காலை பத்து மணிக்குள் காலி செய்யவும்.

அன்று ஞாயிறு. விரல்விட்டு எண்ணினேன். நம்பிக்கை வராமல் அடுத்த கையிலும் எண்ணினேன்.

எங்கள் குடும்பத்தில் வந்த நாள் கணக்கில் வராது. அது பெட்டி தூக்குவதிலும் முகம் கழுவுவதிலும் போய்விடுவதால் நாளே இல்லை என்பது அப்பா வகுத்த விதி. மாமா வீட்டுக்குப் போனாலும் அதே கணக்குதான். அத்தை இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. அந்தக் கணக்கைத்தான் நான் என் அட்டவணையில் போட்டிருந்தேன். நான்கு நிறங்களில், எந்த வேளைக்கு எத்தனை முட்டை என்பது வரை.

அப்பா பின்பக்கம், இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய வலைப்படுக்கையில், முகத்தில் செய்தித்தாளோடு தூங்கிக்கொண்டிருந்தார். கிளம்புவதற்கு முன்பே சொல்லியிருந்தார்: இந்தப் பயணத்தை நான் தப்பில்லாமல் நடத்திக் காட்டினால், அடுத்த மாதம் மாலை வகுப்புத் தோழிகளோடு மலைக்குப் போகலாம். ஒரே ஒரு தப்பு வந்தாலும் கிடையாது.

வந்ததிலிருந்து அவர் தப்பைத்தான் தேடிக்கொண்டிருந்தார். குழாய்களைத் திறந்து மூடினார். தலையணையை மோந்து பார்த்தார். கடலைக்கூட ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

இப்போது தப்பு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

அம்மா மேல்தட்டிலிருந்து நீலக்கரைக் கோப்பைகளை இறக்கினாள். முதல் நாளே அவற்றை, “யாராவது வந்தா எடுக்கலாம்” என்று ஒளித்துவைத்திருந்தாள். நாங்கள் மூவரும் வீட்டிலிருந்து கொண்டுவந்த டம்ளரில்தான் குடித்தோம்.

“அடுப்புக் குமிழை அமுக்கிப் பிடிச்சு மூணு எண்ணணும், அப்பதான் பத்தும். குழாயை இடது பக்கம் திருப்பாதீங்க, நிக்காம அழும்” என்று அவருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். பெண்மணி பள்ளிப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார். குளியலறைக்குப் போக அனுமதி கேட்டார். அம்மா கொடுத்தாள்.

“இப்படி ஒரு வீட்டுக்காரம்மாவை நான் எங்கயும் பார்த்ததில்ல” என்றார் திரும்பி வந்து.

அம்மா மறுப்பாள் என்று பார்த்தேன். வெட்கப்பட்டாள்.

“எத்தனை ராத்திரி?”

“மூணு.”

“அவ்வளவுதானா? மூணு நாள்ல என்னத்தப் பார்க்கிறது?” என்று அம்மா நிஜமாகவே வருத்தப்பட்டாள். பிறகு கடல் தெரியும்படி முன்பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்து, கையில் தேநீரைக் கொடுத்தாள். “நிதானமா குடிங்க. நீங்க வந்த படகு பன்னண்டேகாலுக்குத்தான் திரும்பும்.”

அதை எதற்கு அவரிடம் சொல்கிறாள் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. மனதுக்குள் பட்டியல் போட்டேன். மூன்று பெட்டி, கொடியில் ஈரத்துணி, நான்கு முட்டை, ஒரு அப்பா. நாற்பது நிமிடம். ஒருவேளை முப்பத்தைந்து. அப்பாவிடம் என்ன சொல்வது என்பதற்கு மட்டும் எந்த நிறமும் இல்லை.

பூனை நடை நடந்து படுக்கையறைக் கதவைத் திறந்தேன்.

கட்டில்களில் விரிப்புகள் இல்லை. அவை மடித்து ஒரு மூலையில் அடுக்கப்பட்டிருந்தன. மூன்று பெட்டிகளும் பூட்டி, பெரியது முதல் சிறியது வரை வரிசையாக நின்றன. ஈரத்துணி தனிப்பையில் முடிச்சுப் போட்டிருந்தது. என் பல்துலக்கி என் பெட்டியின் பக்கவாட்டுப் பையில் இருந்தது.

அம்மாவைக் கூப்பிட வாயெடுத்தேன். அவள் குரல் அதற்குள் பின்பக்கமிருந்து வந்தது.

“ஏங்க, எழுந்திரிங்க. படகுக்கு நேரமாச்சு.”

“என்னது? நாளைக்குத்தானே?”

“இன்னைக்குத்தான். உங்க பொண்ணு நேத்தே தலபாடா அடிச்சுக்கிட்டாளே. எப்ப எது உங்க காதுல ஏறியிருக்கு?”

செய்தித்தாள் சரசரத்தது. அப்பா யோசிக்கிறார். நான் பெரிய பெட்டியின் மேல் உட்கார்ந்தேன்.

“ஆமாமா” என்றார் அப்பா. “சொன்னா, சொன்னா.”