குப்பைத் திருடன்

"என் குப்பையைத் திருடிட்டான்."

கூட்டுறவுச் சங்கத்துக் காப்பி மேசையில் ரூலோஃப் இப்படிச் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். துலிப் விளையும் எங்கள் ஊரில் யாரும் கதவைக்கூடப் பூட்டுவதில்லை. இதில் குப்பையைப் போய் யார் திருடுவார்கள்?

"சிரிங்க, நல்லா சிரிங்க. பக்கத்து வயல் வீபேதான். விடிகாலைப் பனிமூட்டத்துல டிராக்டரோட வர்றான். முகத்தை மூடிக்கிட்டு, தூசி கிளம்பாம தண்ணியை வேற தெளிச்சு, கொட்டகைக்குப் பின்னாடி நான் கழிச்சுப் போட்ட துலிப் கிழங்கெல்லாம் அள்ளிட்டுப் போறான்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கழித்துப் போட்ட கிழங்கில் சில சமயம் இதுவரை யாரும் பார்க்காத நிறத்தில் ஒரு பூ ஒளிந்திருக்கும். ஊரில் பாதிப் பேருக்குத் தூக்கத்தில் வருவது அந்தப் பூதான்.

"போன வசந்தத்துல வரப்போரமா ஒண்ணு பூத்துச்சு. மழை மேக நிறம். ஹில்லி பேரை வைக்கலாம்னு இருந்தேன். கிழங்கு பிரிக்கிறப்ப கை தவறிடுச்சு. அந்தக் குப்பையிலதான் இருந்திருக்கணும்."

ஹில்லி ரூலோஃபின் மனைவி. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது நுரையீரலில் பூஞ்சை பிடித்துவிட்டது. எந்த மாத்திரைக்கும் அது அசையவில்லை. குளிர்காலம் முழுக்க அவள் உயிர் ஊசலாடியது. கடைசியில் வேறொரு மருந்தை நரம்பில் ஏற்றி ஒருவழியாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறாள்.

பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிற நேரம் பார்த்தா ஒருவன் கைவரிசையைக் காட்டுவது? எல்லோருக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து வீபே உள்ளே வந்தான். காப்பியை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஏண்டா, என் குப்பையை எடுத்தியா இல்லையா?"

"எடுத்தேன்."

"எதுக்கு?"

"எடுக்கணும்னு தோணுச்சு."

"பூ கிடைச்சுதா?"

வீபே காப்பியைக் கிளறிக்கொண்டே இருந்தான். "இல்ல."

"திருட்டுப் பயலே. இனிமே என் வாசப்படி மிதிக்காதே. கொட்டகை வழிக்குக் கதவு போட்டுப் பூட்டப் போறேன்."

"சரி" என்று எழுந்து போனான் வீபே. காப்பி அப்படியே இருந்தது.

சனிக்கிழமை ஹில்லி வந்துவிட்டாள். மறுநாள் காலை பனி மெல்லக் கலைந்தது. வயல்கள் சிவப்பும் மஞ்சளுமாகத் தரையைத் தொடாமல் மிதப்பதுபோல் இருந்தன. ரூலோஃப் தன் வயலில் பூத்தலைகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். பூ போனால்தான் கிழங்கு பருக்கும். மழை மேக நிறம் எங்காவது தெரிகிறதா என்று அவ்வப்போது நின்று பார்த்தான்.

ஹில்லி சாத்திய ஜன்னலுக்குள் நின்று வீபேயைப் போனில் கூப்பிட்டாள். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் அவன் போனைக் காதில் வைத்தபடி நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது.

"வீபே, உங்களைத் திருடன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்காரு."

"சொல்லட்டும். மூச்சு எப்படி இருக்கு?"

"பரவாயில்ல. பேச்சை மாத்தாதீங்க. துணி கொடுக்க ஆஸ்பத்திரிக்கு வந்த அன்னிக்கு டாக்டர் சொன்னதை நீங்களும் கேட்டீங்க. பூஞ்சை வராம இருக்கக் கிழங்கை நனைக்கிற மருந்தும் என் மாத்திரையும் ஒரே சாதி. நனைச்ச கிழங்கு அழுகுற குப்பையில வளர்ந்து, அந்த மருந்துக்கே பழகிப்போன பூஞ்சையா இது இருக்கலாம்னாரு. வீட்டுக்குப் பக்கத்துல அப்படிக் குப்பை இருந்தா ஆபத்துன்னாரு."

"ஆமா."

"இவர் கையால நனைச்ச கிழங்கு, வீபே. தெரிஞ்சா இந்த மனுஷன் அதுக்கப்புறம் தூங்கவே மாட்டாரு. அதனாலதான் அவர்கிட்ட சொல்ல வேண்டாம்னு கெஞ்சினேன். உங்களைத் திருடன் பட்டம் வாங்கச் சொன்னேனா?"

வீபே ரூலோஃபின் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தான். தூரத்தில் ரூலோஃப் ஒரு பூவைக் கிள்ளாமல் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு மட்டும் செய்யுங்க ஹில்லி. கதவு போட்டுப் பூட்டினான்னா சாவியை எங்க வைக்கிறான்னு எனக்குச் சொல்லிடுங்க. அடுத்த வருஷமும் திருடணும்."