இன்றைய சீட்டு

கிடங்கு வேலை சொல்லித்தரும் அந்தப் பயிற்சிக்கூடத்தில் எல்லாமே பாவனைதான். கட்டிக் கட்டிப் பிரிக்கும் அட்டைப்பெட்டிகளுக்குள் ஒன்றும் இருக்காது. சுவரிலிருந்த போனுக்கு வயர் கிடையாது. சொந்த செல்போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தினமும் காலையில் பயிற்சிக்கு வந்த நால்வரும் சீட்டு எடுப்பார்கள். 'மயக்கம்' என்ற சீட்டு வந்தவர் யாரிடமும் சொல்லாமல் எப்போதாவது விழ வேண்டும். மற்ற மூவரும் ஒரே குழுவாகக் காப்பாற்ற வேண்டும்.

பதினொரு மணிக்குப் பெட்டியைக் கைமாற்றும்போது தெய்வநாயகம் சரிந்து விழுந்தார். இல்லாத கதவை ரெஜினா திறந்துபிடித்தாள். கதிரேசன் வயரில்லாத போனில் ஆம்புலன்ஸுக்கு முகவரியை நிறுத்தி நிதானமாகச் சொன்னான். மார்பை அழுத்துவது பவளக்கொடியின் வேலை. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்; மூச்சில்லை. மயக்கச் சீட்டு அவள் இடுப்பில் அல்லவா இருந்தது.

"சார், இது நிஜம். சீட்டு எங்கிட்ட இருக்கு."

பயிற்சியாளர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சீட்டைப் பத்திப் பேசுனா எல்லாருக்கும் மார்க் போயிடும்மா. அழுத்தாத, சும்மா கைய வை. அவருக்கு வலிக்கும்."

அவள் கையை எடுக்காமல் பலம்கொண்ட மட்டும் அழுத்தினாள். "தம்பி கதிரேசா, வாசல்ல போய் என் போனை வாங்கிட்டு வாடா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

கதிரேசன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினான்.

"கிளம்பிட்டாங்களாம்க்கா," என்றான்.

"நாப்பது செகண்ட். நேத்தைக்கு இன்னைக்கு எவ்வளவோ தேவலை," என்றார் பயிற்சியாளர். "போதும், எந்திரிங்க தெய்வநாயகம்."

எல்லோரும் கைதட்டினார்கள். பவளக்கொடி எண்ணிக்கொண்டே அழுத்தினாள்.