நைஜலின் நாக்கு

"திருட்டுப் பயலே!"

கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார் டெரிக். கையில் அன்று காலை வந்த வாரப் பத்திரிகை.

நைஜலின் தேநீர் தட்டில் கொட்டியது. பக்கத்து வீட்டுக்காரர், இருபது வருஷச் சிநேகிதர். ஒருநாளும் இப்படிக் கத்தியதில்லை.

"என்னய்யா ஆச்சு?"

"என்ன ஆச்சா? இதைக் கேளு." டெரிக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு படித்தார். "'முதல் வாய்க்கு மழையில் நனைந்த தோல் பையின் வாசனை. பிறகு அடிப்பிடித்த ப்ளம் ஜாம். கடைசியில் தொண்டையில் ஒரு மிளகு.' யார் சொன்னது இது? போன வெள்ளிக்கிழமை இதே சோபாவுல உக்காந்து நான் சொன்னது! ஒரு எழுத்து மாறல!"

நைஜல் கோப்பையைக் கீழே வைத்தார்.

இங்கிலாந்தில் ஷ்ரோப்ஷயர் பக்கத்து அந்தச் சிற்றூரில் பன்னிரண்டு வருஷமாக அவர் வைத்ததுதான் சட்டம். சூப்பர்மார்க்கெட்டில் எட்டு பவுண்டுக்குள் கிடைக்கும் சிவப்பு ஒயினில் எது தேறும் என்று அந்தப் பத்திரிகையில் வாராவாரம் எழுதுவார். பத்திரிகை வந்த மதியத்துக்குள் கடையில் அந்த ஒயின் இருந்த அலமாரித் தட்டில் தூசிகூட மிஞ்சாது. ஒரு வாரம் அச்சுப்பிழையில் தட்டு எண் மாறிப்போய், பாத்திரம் கழுவும் திரவம் நாற்பது பாட்டில் விற்றதாகவும், இரண்டு பேர் நன்றி சொல்லிக் கடிதம் போட்டதாகவும் ஊரில் பேச்சு.

இப்போது எல்லாம் போயிற்று.

"டெரிக், உக்காரு. சொல்லிடறேன். எனக்கு நாக்கு செத்துப்போச்சுய்யா. ரெண்டு வருஷமாச்சு. அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் வாசனையும் இல்ல, ருசியும் இல்ல. கஸ்டர்டுக்கும் கடுகு விழுதுக்கும் வித்தியாசம் தெரியல. பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லிடாதே. கட்டினவ மார்கரெட்டும் போய்ச் சேந்துட்டா. இந்த எழுத்தும் போச்சுன்னா, கடையில என்னை நிறுத்திப் பேச ஒரு ஆள் இல்ல."

டெரிக்கின் முகம் மாறவில்லை.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை, அவசரத்துல பாட்டிலை மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன். பீட்ரூட் ஊறப்போட்ட வினிகரை என் வீட்டுக்காரி பெரில் பழைய ஒயின் பாட்டில்ல ஊத்தி வச்சிருந்தா. நீ அதைச் சுத்திச் சுத்தி மோந்து பாத்து, ஒரு மடக்கு குடிச்சிட்டு, 'ஆழமான ஒயின். இன்னும் அஞ்சு வருஷம் தாங்கும்'னே."

நைஜலின் காது இரண்டும் அந்த பீட்ரூட் நிறத்துக்குப் போயின.

"அதுலேர்ந்துதான் வாராவாரம் வந்து, உன் காதுல விழற மாதிரி ருசியைச் சத்தமாச் சொல்றேன். நீ எழுதிக்கணும்னுதான்."

பஸ் ஓட்டிப் பிழைத்த மனுஷனுக்கு இப்படி ஒரு மனசா, இப்படி ஒரு நாக்கா! நைஜலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்புறம் எதுக்குய்யா திருடன்னு கத்தினே?"

"திருடினதுக்கு இல்ல. கடைசி வரியைப் படி."

படிக்கத் தேவையில்லை. அவரே எழுதியதுதான். 'இதில் ஐஸ் போடும் ஆசாமிகள் தயவுசெய்து டீயோடு நிறுத்திக்கொள்ளவும்.'

எட்டு வருஷம் முன்னால் சர்ச் கூடத்துக் கோடை விழாவில், அவர் சிபாரிசு செய்த ஒயினில் இரண்டு ஐஸ்கட்டியைப் போட்டுக் குடித்தாள் பெரில். சிவப்பு ஒயினில் ஐஸ் போடுவது அவருக்குக் கொலைக்குச் சமம். அன்றிலிருந்து மாதம் ஒரு முறையாவது எழுத்தில் அவளை வம்புக்கு இழுக்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. பெயர் போட மாட்டார். ஊருக்கே தெரியும். ஊரே சிரிக்கும். பெரில் இந்த வீட்டு வாசலை மிதித்தும் எட்டு வருஷம் ஆகிறது.

"அது சும்மா தமாஷ்யா! பெரிலுக்கும் ஒயினுக்கும் என்ன சம்பந்தம்? உன் நாக்கு மாதிரியா அவ நாக்கு?"

டெரிக் சோபாவுக்குப் பக்கத்திலிருந்த தொட்டிச்செடியைக் காட்டினார்.

"அது ஏன் ரெண்டு வருஷமா ஒரு பக்கமாச் சாஞ்சே நிக்குதுன்னு யோசிச்சியா?"

"ஏன்?"

"எனக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆனதுலேர்ந்து ஒரு சொட்டு தொடக்கூடாதுன்னுட்டாங்க. நீ பேனாவைத் தேடத் திரும்பினா, என் கிளாஸ்ல இருக்கறது அந்தத் தொட்டிக்குள்ள."

நைஜல் செடியைப் பார்த்தார். டெரிக்கைப் பார்த்தார். திரும்பவும் செடியைப் பார்த்தார்.

"அப்போ அந்தத் தோல் பை? ப்ளம் ஜாம்? மிளகு?"

"எல்லாம் பெரில். கடையில பாட்டிலைப் பொறுக்கறது அவ. முன்னாடியே ஒண்ணைத் திறந்து குடிச்சுப் பாத்துச் சொல்றது அவ. பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிக்கறதுதான் நான்."

ருசி தெரியாத நைஜலின் நாக்கு இப்போது பேச்சிலும் தடுமாறியது.

"அவ... அவ எதுக்குய்யா எனக்கு இதைச் செய்யணும்?"

"நானும் கேட்டேன். 'கடையில நாலு பேர் நிறுத்திப் பேசறப்போ அந்த மனுஷன் மூஞ்சி எப்படி மலருது பாத்தியா'ன்னா."

டெரிக் சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இன்னிக்குக் காலையில உன்னோட கடைசி வரியைப் படிச்சிட்டுத்தான் இதையும் எழுதிக் குடுத்தா. நாளைக்கு நான் உன்கிட்ட ஒப்பிக்க வேண்டியது. இனிமே என்னால முடியாது. நீயே படிச்சுக்க."

கதவைச் சாத்தாமலே போய்விட்டார்.

நைஜல் காகிதத்தைப் பிரித்தார். சாய்வான, சின்ன எழுத்து.

'கறுப்புச் செர்ரி. சீவின பென்சில் வாசனை. விழுங்கின பிறகும் ரொம்ப நேரம் நிக்குது. ஆறேமுக்கால் பவுண்டுக்குத் தாராளம். ரெண்டு ஐஸ்கட்டி போட்டா இன்னும் நல்லா இருக்கு. ஆனா டெரிக், இந்தக் கடைசியை மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதே. தெரியாம எழுதிட்டார்னா, பாவம், அவர் பேர் கெட்டுடும்.'